கேட்டுச் சொல்லுறன்

அன்றைக்குக் கொட்டிலுக்குள் இருந்தவர்கள்: நான், என் மனிசன், என் மாமியார், கருவாடு போடுகிற பெண்கள் ஏழு பேர், அதில் பூமணியும் ஒருத்தி, அந்த ஏழு பேரில் மூன்று பேருடைய புருசன்மார், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், காது கேளாத பெரியவர் ஒருவர். இந்தப் பதினைந்து பேரும் வாக்குப் போட மண்முட்டிக்குள் கை விட்டவர்கள். கை விடாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் வாசலில் குந்தியிருந்த இயக்கப் பெடியன். மற்றவர் சங்கத்தக்கா. மடியில் கிடந்த குழந்தைகளை நான் சேர்க்கவில்லை.

இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம், பிறகு ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். முப்பது பேர் நின்றதாம், வெளியூர் ஆட்கள் வந்து குழப்பினதாம். அப்படி ஒன்றும் இல்லை. பதினைந்து பேர்தான். எல்லாரும் ஒரே கடற்கரையில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளின ஆட்கள்.

சங்கத்தக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய மகள் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள். அதோடு, ஆராவது வந்து வேலிப் படலையில் நின்று "உந்தக் கதையை எழுதினது நீங்களோ" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் இந்த வயதிலும் எனக்குப் போகவில்லை. மாதர் சங்கத்தின் தலைவி அவர். அதனால் சங்கத்தக்கா. அவரிலும் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நெட்டையான ஆள். குதிக்கால் உப்பில் வெடித்துக் கிடக்கும். எங்கே போனாலும் கருவாட்டு மணம் அவருக்கு முன்னால் போகும். அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதை நான் கண்டதில்லை. அவரிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "கேட்டுச் சொல்லுறன்." சங்கத்துக்குப் புதுத் தராசு வாங்குவதோ, கோயில் திருவிழாவுக்குச் சங்கத்தின் பேரில் தண்ணீர்ப்பந்தல் போடுவதோ, எதென்றாலும் கேட்டுத்தான் சொல்லுவார். யாரைக் கேட்பார் என்றால், எல்லாரையும். அதிலும் முதலில், வாய் திறக்காத ஆளை.

கூட்டத்தில் அவர் கதிரையில் இருப்பதில்லை. பாயில், ஆகவும் ஒதுங்கி இருக்கிற ஆளுக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். நிறையக் கதைக்கிறவர்களைப் பார்த்து, "நீங்கள் கடைசி" என்பார். பூமணியை அவர் அப்படி நிறுத்தாத கூட்டமே இல்லை. கேட்டுவிட்டு அவர் காத்திருப்பதுதான் எங்களுக்குப் பெரிய கரைச்சல். மற்றவர்கள் கேட்டால் பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள், நாங்கள் தலையை ஆட்டினால் போதும். இவர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆளை உற்றுப் பார்க்கவும் மாட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி இருப்பார்.

எனக்குக் கலியாணம் பேசினபோது அம்மாவும் மாமாவும் எல்லாம் முடித்துவிட்டார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்று, வீட்டில் வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நான். அன்று பின்னேரம் சங்கத்தக்கா வந்து ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார்.

"பிள்ளை, உனக்குச் சம்மதமோ?"

நான் கையிலிருந்த நூலைப் பார்த்தேன். அம்மா உள்ளேயிருந்து, "அவளுக்கு என்னக்கா தெரியும்" என்றா.

"தெரியாட்டி தெரியாதெண்டு அவள் சொல்லட்டும்."

மாமா செருமிப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா, அது ஆறிப்போனது. வெயில் வேலிக்கு அங்காலே இறங்கிவிட்டது. கடைசியில், அவர் எழும்பிப் போனால் போதும் என்ற தவிப்பில் நான் வாய் திறந்தேன்: மாப்பிள்ளை குடிக்கிற ஆளோ என்று மட்டும் கேட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கேள்வி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது, பதிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சொல்லி விட்டார்கள். அது பொய்யில்லை. ஞாயிறு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில்தான் எனக்கும் என் மனிசனுக்கும் பிறகு கருத்து வேறுபாடு.

இப்படி எழுதினால் அவரைக் கும்பிடத் தோன்றும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படியில்லை. அவரால் ஒரு காரியமும் கெதியாக முடிந்ததில்லை. ஒருமுறை பட்டணத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் அம்மா, சங்கம் நடத்துவது எப்படி என்று வகுப்பெடுக்க வந்தார். வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாத்தி வைத்து, மக்கள் பங்களிப்பு என்று பெரிதாக எழுதினார். சங்கத்தக்கா எழும்பி, இந்த இடம் எல்லாருக்கும் சரியோ என்று ஒருக்கால் கேட்பம், சிலபேருக்கு முகத்தில் வெயில் அடிக்குது என்றார். கேட்டோம். ஒருத்தி கொட்டிலுக்குள் என்றாள். ஒருத்தி கோயில் மண்டபம் என்றாள். மண்டபத்தைப் பூட்டின திறப்பு ஐயரிடம், ஐயர் நெல்லியடிக்குப் போய்விட்டார் என்று இன்னொருத்தி. எல்லாரையும் கேட்டு முடிக்க வெயிலே மற்றப் பக்கம் போய்விட்டது. அதே வேப்பமரத்தடியில் அப்படியே இருந்தோம். அந்த அம்மா கோபிக்கவில்லை. போகும்போது, "நான் படிப்பிக்க வந்ததை நீங்களே செய்து காட்டிப்போட்டியள். என்ரை பஸ்தான் போயிட்டுது" என்று சிரித்தார்.

ஷெல்லடி தொடங்கின பிறகு எங்கள் வளவில் ஒரு பங்கர் வெட்டினோம். கடலில் கடற்படைக் கப்பலின் இரைச்சல் கேட்டால் சுற்றியிருக்கிற வீடெல்லாம் ஓடிவந்து அதன் வாசலில் நெரிபடும். சங்கத்தக்கா அதற்குள்ளும், ஆருக்கு மூச்சு முட்டுது, ஆர் வாசல் பக்கம் இருக்க விருப்பம் என்று ஒவ்வொரு ஆளாகக் கேட்பார்.

பூமணி ஒருநாள் சொன்னாள்: "அக்கா, உந்த நேவிக்காரனையும் ஒருக்கால் கேளுங்கோவன், எங்கை விழுத்திறது உனக்கு விருப்பமெண்டு."

அந்த இருட்டுக்குள் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீ எங்கை இருக்கப்போறாய், அதைச் சொல்லு" என்றார்.

அவருடைய புருசன் கடலில் போனவர். காற்று மாறின ஒருநாள், வள்ளத்தின் முதலாளி போங்கோ என்றதும் நாலுபேர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. போகலாமோ என்று அந்த நாலுபேரில் ஒருவரைக்கூட ஆரும் கேட்கவில்லை. அதிலிருந்துதான் அவருக்கு இந்தக் கேட்கிற பழக்கம் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லுவா, சின்னப்பிள்ளையில் கிட்டி விளையாடும்போதே அவர் இப்படித்தானாம், ஆட்டம் தொடங்கவே விடமாட்டாராம்.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு முந்தித் தேர்தல் வந்தால், வீடு வீடாகப் போய்ப் பெண்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவார். ஆருக்குப் போடு என்று சொல்லமாட்டார். போய்ப் போட்டுவிட்டு வா என்பார். பிறகு எங்கள் பக்கத்தில் தேர்தல் என்பதே பயமாகிவிட்டது. போட்டால் ஒருபக்கம் குற்றம், போடாவிட்டால் மற்றப் பக்கம் குற்றம். கடைசியில் எங்களுக்கு மிஞ்சினது சங்கத்து முட்டி ஒன்றுதான்.

அந்த முட்டி வந்த கதையையும் சொல்லவேண்டும். அரசாங்கத்தால் எங்கள் குடியிருப்புக்கு ஒரு குழாய்க்கிணறு தருவதென்று வந்தது. கோயிலடியில் அடிப்பதா, கரையடியில் அடிப்பதா என்று கூட்டம். ஆம்பிளைகள் கோயிலடி என்றார்கள், அவர்கள் இருந்து கதைக்கிற இடம் அது. தண்ணீர் சுமக்கிற நாங்கள் கரையடி. அப்போதெல்லாம் கை உயர்த்துவதுதான் வழக்கம். பூமணி தன் புருசனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே கரையடிக்குக் கை உயர்த்தினாள். அடுத்தநாள் அவளுடைய ஒரு கண் மூடிக்கிடந்தது. படலை இடித்துப்போட்டுது என்றாள். சங்கத்தக்கா அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு மண்முட்டியோடு வந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு மட்டிச் சிப்பி. ஓம் என்றால் கொட்டை, இல்லை என்றால் சிப்பி. முட்டிக்குள் கையை விட்டு ஒன்றை விடவேண்டும், மற்றதைப் பொத்திக்கொண்டு போய்க் கடலில் எறிந்துவிட வேண்டும். முட்டியின் அடியில் ஈரமணல் போட்டிருந்தார், விழுகிற சத்தத்தில் எது என்று பக்கத்து ஆளுக்குத் தெரியக்கூடாது என்று. எல்லாரும் போட்டு முடிந்ததும் மணலோடு பாயில் கொட்டி, விரலால் அளைந்து பொறுக்கி எண்ணுவார். அவர் மட்டும் போடமாட்டார். கேட்கிற ஆள் போடக்கூடாது என்பார். குழாய்க்கிணறு கரையடிக்கு வந்தது. பூமணிக்குப் படலை அதற்குப் பிறகு இடிக்கவில்லை.

கொட்டில் என்று சொன்னேனே, அது சங்கத்தின் கொட்டில். கடலைப் பார்த்தபடி, சீமெந்து நிலமும் தகரக் கூரையும். நாங்கள் மணல் சுமந்து, எங்கள் கையால் கட்டினது. மாரிக்குக் கருவாடு நனையாமல் வைப்பதும் அதில்தான், கூட்டமும் அதில்தான்.

அந்தக் காலத்தில் இயக்கங்கள் பல இருந்தன. எது என்று நான் சொல்லவில்லை, இப்போது அதில் என்ன இருக்கிறது. ஒருநாள் அந்தப் பகுதிப் பொறுப்பாளர் சைக்கிளில் வந்தான். அடுத்த ஊர்ப் பெடியன். அவனுடைய தாய் எங்களிடம் கருவாடு வாங்குகிறவ. கொட்டில் தங்களுக்குத் தேவை, கடல் பார்க்க நல்ல இடம், கொஞ்ச மாதத்துக்குத்தான் என்றான். மரியாதையாகத்தான் கதைத்தான். போகும்போது பகிடியாக, "சங்கத்தக்கா, வழமை மாதிரிச் சனத்தைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ. நாங்கள் ஒருத்தரையும் வற்புறுத்தேல்லை" என்றான்.

"கேட்டுச் சொல்லுறன் தம்பி" என்றார் அவர்.

முகாம் வந்தால் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் முகாம் வைத்த வளவுக்கு மேல் ஹெலி சுற்றியதையும், பிறகு கடலிலிருந்து அடித்ததையும், முகாம் தப்பி அடுத்த வீடு போனதையும் பார்த்திருந்தோம். மாட்டோம் என்றால் என்ன வரும் என்பதும் தெரியும். நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். என் மனிசன், நீ ஏன் கிடந்து சாகிறாய், எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லப்போகினம், குடுத்திட்டுப் பேசாமல் இருப்பம் என்றார். அதுதான் ஊர்ப் பேச்சும்.

கூட்டம் காலையில். பொறுப்பாளர் வரவில்லை, பதிலை அறிந்து வர ஒரு பெடியனை அனுப்பியிருந்தான். அவன் வாசலில் குந்தியிருந்தான். உடுத்திருந்த சாரத்துக்குள் ஏதாவது வைத்திருந்தானோ என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தக்கா நீட்டிக் கதைக்கவில்லை. "குடுத்தால் என்ன நடக்கும் எண்டும் உங்களுக்குத் தெரியும். குடுக்காட்டி என்ன நடக்கும் எண்டும் தெரியும். நான் ஒண்டும் சொல்லேல்லை. கொட்டையெண்டால் குடுப்பம். சிப்பியெண்டால் குடுக்கமாட்டம்."

காது கேளாத பெரியவருக்கு அதைக் கையால் காட்டி விளங்கப்படுத்தினார். கடலைக் காட்டி, கூரையைக் காட்டி, வாசலில் இருந்தவனைக் காட்டி. அவர் தலையை ஆட்டினார்.

என் முறை வந்தபோது முட்டிக்குள் கையை விட்டு அப்படியே நின்றேன். எனக்குள் ஓடினது இதுதான்: எல்லாரும் கொட்டைதான் போடுவார்கள், கொட்டில் எப்படியும் போகப்போகிறது. என்னுடைய ஒரு சிப்பியால் ஆருக்கும் ஒரு கெடுதியும் வராது. என் பிள்ளைகள் கிடக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் முகாம் வேண்டாம் என்று நான் சொன்னேன் என்பது எனக்கும் அந்த முட்டிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சிப்பியை விட்டேன். கை லேசானது போல் இருந்தது.

சங்கத்தக்கா பாயில் கொட்டினார். விரலால் மணலை அளைந்தார். ஒரு சிப்பி. இன்னொரு சிப்பி. மூன்றாவது. ஆறு ஏழு வந்த பிறகு நானும் சேர்ந்து எண்ணத் தொடங்கினேன். பதினைந்தும் சிப்பி. கொட்டை ஒன்றுகூட இல்லை. அவர் மணலைத் திரும்பவும் அளைந்தார். இல்லை.

ஒருவரையொருவர் பார்த்தோம். என் மனிசன் என்னைப் பார்த்தார், நான் மாமியாரைப் பார்த்தேன். மனேச்சருக்கு நெற்றியில் வேர்வை. அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்னைப் போலத்தான் பதினைந்து பேரும் நினைத்திருக்கிறார்கள். மற்ற எல்லாரும் ஓம் என்பார்கள், நான் ஒரு ஆள் மனதில் கிடந்ததைப் போட்டால் என்ன என்று. வெல்லவேண்டும் என்று அதில் ஒருவரும் போடவில்லை.

சங்கத்தக்காவுக்கு அது விளங்கவில்லை. அவர் கண் கலங்கிக் கிடந்தது. "இவ்வளவு காலத்திலை எல்லாரும் ஒண்டாய்ச் சொன்னது இண்டைக்குத்தான்" என்றார். சந்தோசத்தில் அவருடைய குரல் நடுங்கினதை நான் அன்றுதான் கேட்டேன்.

மனேச்சர் மெல்ல, ஆக்கள் மாறிப் போட்டிட்டினம் போல, இன்னொருக்கால் போட்டுப் பார்ப்பமோ என்றார். கேட்டாச்சு என்றார் சங்கத்தக்கா. விருப்பமான பதில் வருமட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டால் அதுக்குப் பேர் கேக்கிறதில்லை என்றார். அப்படியென்றால் அரசாங்கக் காணி, அரசாங்க அதிபரின் கச்சேரியில் அனுமதி எடுக்கவேணும் என்று ஏதும் சாட்டுப்போக்குச் சொல்லுவம் என்றார் மனேச்சர். பொய் என்னத்துக்கு, அவை கேட்டவை, நாங்கள் சொல்லுறம், அவ்வளவுதானே என்றார் அவர்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?"

வழமைபோலக் காத்திருந்தார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. கடல் இரைந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசலில் அவன் இருக்கும்போது என்னவென்று திறப்பது?

"அப்ப சரி" என்று எழும்பினார். சிப்பிகளை முந்தானைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்தப் பெடியனுடைய சைக்கிள் கரியரில் ஒருபக்கமாக இருந்து போனார். ஒழுங்கை திரும்பும்வரை அவனோடு ஏதோ கதைத்துக்கொண்டுதான் போனார்.

பின்னேரமும் வரவில்லை. அடுத்தநாள் காலை பொறுப்பாளர் வேறு இரண்டு பேரோடு வந்து, கூட்டத்துக்குப் போனவர்களின் வீடு ஒவ்வொன்றுக்கும் போனான். சத்தம் போடவில்லை. படலையைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "நீங்கள் என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

எல்லாரும் கொட்டை என்றார்கள். மனேச்சர் கொட்டை. பூமணி கொட்டை. பூமணியின் புருசன் கொட்டை. காது கேளாத பெரியவருக்குக் கூட விளங்கிவிட்டது, உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துவந்து காட்டினாராம். எங்கள் வீட்டில் என் மனிசன் கொட்டை என்றார், மாமியார் கொட்டை என்றா. பிறகு என்னைப் பார்த்தான்.

நான் சிப்பி என்றேன். இது துணிவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன பொய்யை ஞாபகம் வைத்திருக்கவேண்டுமே, பிறகொருநாள் மாறிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் எனக்கு எப்போதும் பெரிது. மாமியார் பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினா.

"நீங்கள் மட்டுமோ அக்கா?"

"மற்றவையைத் தெரியாது தம்பி. முட்டிக்குள்ளை விட்டால் ஆருக்கும் தெரியாது."

அவன் சிரித்தான். "அப்ப மிச்சப் பதினாலு சிப்பியும் எங்காலை வந்தது?"

அதற்கு அவனே ஒரு பதில் வைத்திருந்தான். முட்டிக்குள் மணல் என்னத்துக்கு? சங்கத்தக்கா கொட்டைகளை மணலுக்குள் ஒளித்துப்போட்டுச் சிப்பியை வெளியில் எடுத்துக் காட்டியிருக்கிறா. வேறை ஆரோ சொல்லித்தந்து செய்திருக்கிறா. அவன் அதை நம்பித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஒரு ஊரே பொய் சொல்கிறது என்று நம்புவதைவிட ஒரு மனிசி பொய் சொல்கிறா என்று நம்புவது லேசு.

அன்று மத்தியானமே கொட்டிலுக்கு மண்மூட்டை வந்தது. கருவாட்டை எடுத்து வெளியில் வைத்துவிட்டார்கள். நனையாமல் ஒரு படங்கும் போட்டு மூடியிருந்தார்கள்.

சங்கத்தக்கா கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு, மத்தியான மினிபஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினார். மெலிந்திருந்தார். காலில் இருந்த செருப்பு அவருடையதில்லை. நாங்கள் கருவாடு காயப்போடுகிற பரணடியில் நின்றோம். அவர் எங்களைக் கடந்து போனார். என்ன செய்தவங்கள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பூமணி ஒரு எட்டு முன்னுக்கு வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

பின்னேரம் கொஞ்சம் புட்டும் மீன் குழம்பும் கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். எல்லாரும் சிப்பிதான் போட்டவை அக்கா, பயத்தில் மாறிச் சொல்லிப்போட்டினம் என்றேன்.

"தெரியும் பிள்ளை" என்றார். "எண்ணினது நான்தானே."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வந்தார், எங்களோடு குந்தியிருந்து மீன் வெட்டினார், உப்புத் தடவினார். கேட்பது மட்டும் நின்றுவிட்டது. பங்கருக்குள் எங்கே இடம் கிடைக்குமோ அங்கே இருந்தார். சங்கக் கூட்டம் பிறகு நடக்கவில்லை. ஊருக்கு ஒரு குழு என்று இயக்கமே ஆட்களைப் போட்டது, அறிவித்தலை மனேச்சர் வந்து வாசிப்பார். நாங்கள் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். எல்லாம் கெதியாக முடிந்தது.

மாரி முடிகிற காலத்தில் ஒரு காலை, கடலிலிருந்து அடித்தார்கள். முகாமில் இருந்த பெடியள் முதல்நாளே வேறு இடம் போய்விட்டார்கள், கொட்டில் வெறுமையாக இருந்தது. ஷெல் கொட்டிலில் விழவில்லை. கருவாட்டுப் பரணடியில் விழுந்தது. பூமணி அங்கே தனிய நின்றவள். அவளைத் தூக்க அவளுடைய புருசனும் சங்கத்தக்காவும்தான் முதலில் ஓடினார்கள். பாயில் வைத்துச் சுற்றும்போது சங்கத்தக்கா அவளுடைய கன்னத்தில் இருந்த மணலைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டேயிருந்தார்.

அதோடு அந்தக் கரை கலைந்தது. சிலர் சொந்தக்காரரிடம், சிலர் கோயில் மடங்களில். சங்கத்தக்கா நீர்வேலிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறார் என்று அறிந்து, ஒருநாள் கைக்குழந்தையோடு போனேன். வாழைக்குலைக்குச் சருகு சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கருவாட்டு மணம் இல்லை. அது என்னவோ எனக்கு அந்தரமாக இருந்தது, வேறொரு ஆளிடம் வந்துவிட்டேனோ என்று.

வரப்பில் இருந்தோம். அவர் ஒன்றும் கேட்கமாட்டார் என்று தெரியும், அதனால் நானே கதைத்தேன். பிள்ளைகளின் சுகம், மனிசனுடைய ஞாயிற்றுக்கிழமைகள். பிறகு, இவ்வளவு நாளும் மனதில் கிடந்தது வெளியே வந்துவிட்டது: ஏன் அக்கா, நீங்கள் இப்ப ஒருவரையும் ஒன்றும் கேட்கிறதில்லை?

சருகைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "அவன் வீடு வீடாய் வந்து செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் கேட்டவனாம். கேட்டிட்டு, பதில் வருமட்டும் பாத்துக்கொண்டு இருந்தவனாம். என்னை வைச்சிருந்த இடத்திலை அவன்தான் சொன்னவன். உங்களிட்டைப் படிச்சதுதான் அக்கா எண்டான்." இன்னொரு சருகை எடுத்தார். "இனி நான் போய் ஒரு படலையிலை நிண்டு என்ன விருப்பம் எண்டு கேட்டால் சனம் பயப்பிடும் பிள்ளை. பயப்பிட்டு எனக்கும் கொட்டை எண்டுதான் சொல்லும்."

குழந்தை அழுதது. மடியில் போட்டு ஆட்டினேன். போவதற்கு எழும்பும்போது, ஏன் கேட்டேனோ தெரியாது.

"அக்கா, அண்டைக்கு உங்களுக்கும் ஒரு கொட்டையும் சிப்பியும் தந்திருந்தால் நீங்கள் என்ன போட்டிருப்பியள்?"

அவர் உடனே சொல்லிவிட்டார், நான் காத்திருக்கத் தேவை வரவில்லை.

"குடுத்திருப்பன். அவன் வந்து கேட்ட உடனையே நான் மனதுக்குள்ளை குடுத்திட்டன். தகரமும் சீமெந்தும்தானே. உங்களுக்குப் பயமெண்டால் எனக்குப் பயமில்லையே?"

"அப்ப ஏனக்கா போய்ச் சொன்னனீங்கள்? மனேச்சர் சொன்ன சாட்டுப்போக்கையெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

அவர் சருகைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னையோ கேட்டது? உங்களையெல்லோ கேட்டது."